ஒரே எண், வேறு குலம்: புனேயின் பெனிசிலின் நொதிகளும் பெயரிடும் முறையும்

புனேயை அடுத்த பிம்ப்ரியின் பெயர் நுண்ணுயிரியலில் ஒரு பாக்டீரியத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. அங்கிருந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் மா. ஜெ. திருமலாச்சார் தலைமையில் ஆய்வு செய்தவர்கள் ஒரு மண்வாழ் நுண்ணுயிரிக்கு ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா’ எனப் பெயரிட்டனர். அதிலிருந்து கிடைத்த பூஞ்சை எதிர்ப்பு மருந்து, நிறுவனத்தின் முதலெழுத்துகளைச் சூடி ‘ஹாமைசின்’ ஆயிற்று. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் அறிவியல் தன் ஊர்ப்பெயரை உலக அறிவியலின் பட்டியலில் பதித்த தருணம் அது. அந்தப் பெயர் குறித்து எவரும் முறையிடவில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இன்னோர் இந்திய நகரின் பெயர், இம்முறை ஒரு நொதியின் பெயரில் ஏறியது. ‘நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்’ என்ற அப்பெயர் நாடாளுமன்றம் வரை கண்டனத்தைக் கிளப்பியது. இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பெனிசிலின் தொடர்பான நொதிகளைப் பற்றிப் புனேயில் நடந்த ஆய்வு, நொதிகளை எப்படிப் பெயரிடுவது, எப்படி வகைப்படுத்துவது என்னும் பழைய கேள்விக்கு ஒரு முக்கியமான சான்றை வழங்கியது. ஒரு நொதியை அது செய்யும் வேலையால் அறிவதா, அதன் குலத்தால் அறிவதா என்பதே அக்கேள்வி.

1. பெயர்களின் குழப்பம்

‘என்சைம்’ என்னும் சொல்லை 1870களில் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே உருவாக்கினார். கிரேக்கத்தில் அதன் பொருள் ‘புளிப்பிலுள்ளது’ என்பது. தமிழில் வழங்கும் ‘நொதி’யும் நொதித்தல் என்னும் அதே அனுபவத்திலிருந்து பிறந்ததே. மாவும் கள்ளும் புளிப்பதைப் பார்த்த கண்களே இரு மொழிகளிலும் சொல்லை ஈன்றன.

நொதிப்பெயர்களின் ஈற்றில் வரும் ‘-ஏஸ்’ விகுதியின் வரலாறு மொழியியலாளருக்குச் சுவையானது. 1833இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பாயனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுப்பொருளைச் சிதைக்கும் ஒரு பொருளைப் பிரித்து, ‘டயஸ்டேஸ்’ என அழைத்தனர். ‘பிரித்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லில் ‘டயா’ முன்னொட்டு, எஞ்சியது வேர். பின்னர் வந்தோர் அச்சொல்லின் வாலை, உருபன் எல்லையைப் பொருட்படுத்தாமல் வெட்டியெடுத்து, நொதிகளுக்கெல்லாம் பொது விகுதியாக்கினர். பிழையாகப் பிரிக்கப்பட்ட ஒரு துண்டு இன்று ஆயிரக்கணக்கான பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

விகுதி பொதுவானதாக இருந்தாலும் பெயர்கள் பொதுவான முறைக்கு உட்படவில்லை. ஒரே நொதிக்குப் பல பெயர்களும் வெவ்வேறு நொதிகளுக்கு ஒரே பெயரும் வழங்கின. நிறத்தை மட்டும் சொல்லும் ‘பழைய மஞ்சள் நொதி’ போன்ற பெயர்கள் அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. இதைச் சீர்செய்யப் பன்னாட்டு உயிர்வேதியியல் ஒன்றியம் 1956இல் மால்கம் டிக்சன் தலைமையில் நொதி ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1961இல் வெளிவந்தது.

ஆணையம் எடுத்த முடிவு துணிவானது. நொதி எந்த உயிரியிலிருந்து வந்தது, எந்த ஊரில் கண்டறியப்பட்டது, அதன் புரத வடிவம் எத்தகையது என்பவை கணக்கில் கொள்ளப்படா. எந்த வினையை அது ஊக்குவிக்கிறது என்பதே அதன் பெயரும் இடமும். நன்னூல் பயின்றவர் இதனை எளிதில் உணர்வார். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறனுள் தொழில் ஒன்றையே ஆணையம் தேர்ந்தது. ‘ஓதுவார்’, ‘வென்றான்’ போல, செயலைச் சொல்லியே செய்தவரைக் குறிக்கும் வினையாலணையும் பெயருக்கு நொதிப்பெயர் மிக நெருங்கியது.

இவ்வாறு ஆறு பெருவகுப்புகள் உருவாயின. ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளுக்கானவை முதல் வகுப்பு. தொகுதிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுபவை இரண்டாவது. நீரைக் கொண்டு பிணைப்பைப் பிளக்கும் ஹைட்ரோலேஸ்கள் மூன்றாவது. நீரின்றியே பிளப்பவை நான்காவது. ஒரே மூலக்கூறின் அமைப்பை மாற்றுபவை ஐந்தாவது. ஆற்றலைச் செலவிட்டு இரண்டை இணைப்பவை ஆறாவது. அயனிகளையும் மூலக்கூறுகளையும் சவ்வுக்கு அப்பால் கடத்துபவை 2018இல் ஏழாம் வகுப்பாயின. ஒவ்வொரு நொதிக்கும் நான்கு எண்கள் கொண்ட ஒரு முகவரி கிடைத்தது.

2. ஒரு மூலக்கூறு, மூன்று நொதிகள்

இம்முறையின் வலிமையைக் காட்டப் பெனிசிலினை விடப் பொருத்தமான மூலக்கூறு அரிது. டோரதி ஹாட்ஜ்கின் 1945இல் ஊடுகதிர்ப் படிகவியலால் அதன் அமைப்பைத் தெளிவாக்கினார். நடுவில் நான்கு அணுக்களாலான இறுக்கமான பீட்டா-லாக்டம் வளையம். அதனோடு ஒட்டிய ஐந்தணு வளையம். வெளியே நீளும் ஒரு பக்கச் சங்கிலி. வளையத்திற்குள் ஓர் அமைடு பிணைப்பு உண்டு. பக்கச் சங்கிலியை வளையத்தோடு இணைப்பதும் ஓர் அமைடு பிணைப்பே. எது வெட்டப்படுகிறது என்பதே இந்த வரலாற்றின் மையம்.

முதல் நொதி, பெனிசிலின் தாக்கும் நொதி. பாக்டீரியம் தன் செல்சுவரைக் கட்டும்போது சிறு பெப்டைடு சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்க டிரான்ஸ்பெப்டிடேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துகிறது. அந்நொதியின் கிளர்வு மையத்தில் உள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தின் ஆக்சிஜன், பெப்டைடின் அமைடு பிணைப்பைத் தாக்கித் தற்காலிகமாக அதனோடு பிணைகிறது; பின்னர் விடுவிக்கிறது. எல்லா நொதிகளையும் போல, வினைக்குத் தேவையான கிளர்வு ஆற்றலைக் குறைப்பதே அதன் பணி. வினையின் இறுதிச் சமநிலையை அது மாற்றுவதில்லை. பெனிசிலினின் வடிவம் இப்பெப்டைடின் முனையை ஒத்திருப்பதாக டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் 1965இல் முன்மொழிந்தனர். ஏமாந்த செரின் லாக்டம் வளையத்தைத் தாக்குகிறது. வளையம் திறந்து நொதியோடு பிணைந்துவிடுகிறது; ஆனால் எளிதில் விடுபடுவதில்லை. நொதி முடங்குகிறது, வளரும் பாக்டீரியத்தின் சுவர் சிதைகிறது. பெனிசிலின் என்னும் மருந்து, வேதியியல் நோக்கில், ஒரு நொதித் தடுப்பானே.

இரண்டாம் நொதி, பெனிசிலினை அழிப்பது. எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் 1940இலேயே, அதாவது மருந்து பரவலான புழக்கத்திற்கு வருமுன்னரே, பெனிசிலினைச் செயலிழக்கச் செய்யும் ஒரு பாக்டீரிய நொதியை அறிவித்தனர். ‘பெனிசிலினேஸ்’ என்பது அவர்கள் இட்ட பெயர். இன்று பீட்டா-லாக்டமேஸ் எனப்படும் இக்கூட்டத்தின் பெரும்பாலானவற்றில் அதே செரின் அதே வளையத்தைத் தாக்குகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இங்கே ஒரு நீர் மூலக்கூறு விரைந்து வந்து பிணைப்பைப் பிளந்து நொதியை விடுவித்துவிடுகிறது. நொதி அடுத்த பெனிசிலினுக்குத் தயாராகிறது; மருந்தோ உடைந்த வளையமாக எஞ்சுகிறது.

மூன்றாம் நொதி, பெனிசிலினைப் பயன்படும் வகையில் வெட்டுவது. 1950இல் ஜப்பானில் சகாகுச்சியும் முராவோவும் விவரித்த இந்நொதி வளையத்தைத் தொடுவதில்லை. பக்கச் சங்கிலியை மட்டும் கழற்றுகிறது. எஞ்சும் கருவுக்கு 6-அமினோபெனிசிலானிக் அமிலம் என்று பெயர். இங்கிலாந்தின் பீச்சம் நிறுவன ஆய்வாளர்கள் 1959இல் இக்கருவைத் தனித்துப் பெற்றதை அறிவித்ததும் மருந்தியலின் திசை மாறியது. கருவில் வேண்டிய சங்கிலியை ஒட்டினால் புதிய மருந்து கிடைக்கும். ஆம்பிசிலினும் அமாக்சிசிலினும் அவ்வாறு பிறந்தவை.

இரண்டாம், மூன்றாம் நொதிகளை ஆணையத்தின் எண்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிக்கின்றன என்பதைக் காணலாம். பெனிசிலின் அசிலேஸின் எண் 3.5.1.11. பீட்டா-லாக்டமேஸின் எண் 3.5.2.6. இரண்டும் நீரால் பிளப்பவை; எனவே 3. இரண்டும் பெப்டைடு அல்லாத கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை வெட்டுபவை, எனவே 5. மூன்றாம் எண்ணில் வழி பிரிகிறது: 1 என்பது நேர்ச்சங்கிலி அமைடு, 2 என்பது வளைய அமைடு. ஒரு தொழிற்சாலையின் வரவும் ஒரு நோயாளியின் இழப்பும் இந்த ஓர் இலக்க வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

3. பிம்ப்ரியும் பாஷாணும்

புனேயின் பாஷாண் பகுதியில் தேசிய வேதியியல் ஆய்வகம் 1950 ஜனவரி 3 அன்று நேருவால் திறந்துவைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் துணையோடு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954இல் பிம்ப்ரியில் நிறுவப்பட்டது. அங்கே 1955இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. ஒரே நகரின் இரு முனைகளில் ஒரு பொதுத்துறை மருந்தாலையும் ஓர் அரசு ஆய்வகமும் அமைந்தது, பின்வந்த நொதி ஆய்வுக்கு நிலத்தைப் பண்படுத்தியது.

பெனிசிலினிலிருந்து கருவைப் பெற வேதியியல் வழியும் இருந்தது. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, டைகுளோரோமீத்தேன் போன்றவற்றைக் கொண்டு, உறைநிலைக்கு 40 பாகை கீழே நடத்த வேண்டிய வினை அது. நொதியோ அதே வேலையை ஏறத்தாழ 37 பாகை வெப்பத்தில், சற்றே காரத்தன்மையுள்ள நீரில் முடித்துவிடும். குளிரூட்டலின் செலவும் கரைப்பான்களின் நச்சும் இல்லை. ஆயினும் நொதியைத் தயாரிப்பதும் அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதும் எளிதல்ல. இங்குதான் நொதி ஒழுங்குமுறை பாடநூலை விட்டுத் தொழிற்கூடத்திற்குள் வருகிறது.

எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியம் இந்நொதியை எப்போதும் செய்வதில்லை. ஃபீனைல் அசிட்டிக் அமிலம் சூழலில் இருந்தால் உற்பத்தி தூண்டப்படுகிறது. குளுக்கோஸ் இருந்தால் அடங்குகிறது. உடல் வெப்பத்தைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே நன்கு உருவாகிறது. இவை மரபணு நிலையிலான கட்டுப்பாடுகள். அடுத்தது புரத நிலை. நொதி முதலில் செயலற்ற ஒற்றைச் சங்கிலியாகவே பிறக்கிறது. நடுவிலுள்ள 54 அமினோ அமிலங்களாலான துண்டு நீங்கிய பின்னரே இரு சங்கிலிகள் கொண்ட செயல்மிகு நொதியாகிறது. அப்போது புதிதாக வெளிப்படும் சங்கிலி முனையிலுள்ள செரினே வெட்டும் கருவி. மூன்றாவது, வினை நிலை. வெட்டியெடுக்கப்பட்ட ஃபீனைல் அசிட்டிக் அமிலம் கிளர்வு மையத்திற்காகப் பெனிசிலினோடு போட்டியிட்டு நொதியைத் தடுக்கிறது. அந்த அமிலமே கரைசலின் காரத்தன்மையைக் குறைத்து நொதியை மேலும் தளரச் செய்கிறது. ஆதலால் தொடர்ந்து காரம் சேர்க்க வேண்டும். ஒரே பொருள் நொதியின் பிறப்பைத் தூண்டுவதாகவும் அதன் செயலைத் தடுப்பதாகவும் அமைவது கவனிக்கத்தக்கது.

தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சி. சிவராமன், ஹெப்சிபா சிவராமன் ஆகியோரின் குழு செல்களையே ஒரு திடத் தாங்கியில் நிலைநிறுத்தும் முறைகளை வளர்த்தது. திறந்த துளைகள் கொண்ட ஜெலட்டினில் ஈஸ்ட் செல்களை நிலைநிறுத்தித் தொடர்ச்சியாக எத்தனால் பெறும் ஆய்வு 1982இல் வெளியானது. அசிலேஸ் கொண்ட எஸ்செரிச்சியா கோலை செல்களை நிலைநிறுத்தும் ஆய்வு 1992இல் வந்தது. இடையே 1989இல், பிம்ப்ரி ஆலையின் ஆய்வாளர் ஜே. ஜி. ஷேவலேயும் ஹெப்சிபா சிவராமனும் இணைந்து, அசிலேஸ் உற்பத்தியையும் கருத் தயாரிப்பில் அதன் பயனையும் தொகுத்து ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை எழுதினர். ஆலையும் ஆய்வகமும் ஒரே நொதியைப் பற்றி ஒரே பக்கத்தில் பேசியதற்கு அது ஆவணம்.

4. எண் மறைத்த உறவு

பெனிசிலினில் இரு பெருவடிவங்கள் உண்டு. ‘ஜி’ வடிவத்தின் பக்கச் சங்கிலியும் ‘வி’ வடிவத்தின் பக்கச் சங்கிலியும் ஓர் ஆக்சிஜன் அணுவால் மட்டுமே வேறுபடுகின்றன. முன்னதை விரும்பி வெட்டும் அசிலேஸ்களும் பின்னதை விரும்பி வெட்டும் அசிலேஸ்களும் தனித்தனியே அறியப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே வினையைச் செய்வதால் ஆணையத்தின் விதிப்படி இரண்டுக்கும் ஒரே எண்: 3.5.1.11.

‘ஜி’ அசிலேஸின் முப்பரிமாண அமைப்பை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகக் குழு 1995இல் வெளியிட்டது. அக்குழுவின் கை டாட்சன், ஹாட்ஜ்கினோடு இன்சுலின் அமைப்பில் பணியாற்றியவர். ‘வி’ அசிலேஸின் அமைப்பு 1999இல் வந்தது. சி. ஜி. சுரேஷ், ஏ. வி. பண்ட்லே, ஹெப்சிபா சிவராமன் ஆகிய புனே ஆய்வாளர்களும் யார்க் குழுவினரும் இணைந்து, பேசில்லஸ் ஸ்ஃபெரிகஸ் என்னும் பாக்டீரியத்தின் நொதியை ஆராய்ந்து அதனைப் பெற்றனர்.

முடிவு எண்ணுக்குள் அடங்கவில்லை. ‘வி’ அசிலேஸின் வெட்டும் கருவி செரின் அன்று, சிஸ்டீன். அங்கே தாக்குவது ஆக்சிஜன் அன்று, கந்தகம். சங்கிலியின் முனையிலுள்ள அமினோ அமிலமே வேதிவினையைச் செய்யும் ஒரு பெருங்குலத்தில் இரண்டும் அடங்கும் என்றாலும், ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல. ‘வி’ அசிலேஸின் நெருங்கிய உறவினர் வேறோரிடத்தில் இருந்தார்: குடல்வாழ் பாக்டீரியங்களில் பித்த உப்புகளைப் பிளக்கும் நொதி. அதன் எண் 3.5.1.24. பைஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்னும் குடல் பாக்டீரியத்தின் அந்நொதியைப் புனே-யார்க் குழு 2006இல் ஆராய்ந்து, இரண்டுக்குமிடையே பரிணாம உறவு இருப்பதை உறுதிசெய்தது.

ஆக, ஒரே எண்ணைச் சுமந்த இரு நொதிகள் தூரத்து உறவினர். வெவ்வேறு எண்களைச் சுமந்த இரு நொதிகள் நெருங்கிய உறவினர். வரலாற்று மொழியியலில் இதற்கு இணை உண்டு. இரு மொழிகளில் ஒரே பணியைச் செய்யும் உருபுகள் ஒரே மூலத்தவை என்பதற்கு உறுதி இல்லை. பொருள் விலகிச் சென்ற இரு சொற்கள் ஒரே வேரினவாக இருக்கலாம். பயன்பாட்டால் வகுப்பதும் மரபால் வகுப்பதும் இருவேறு கேள்விகளுக்கான விடைகள்.

5. பெயரின் எந்தச் சொல்?

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் சிக்கலன்று என்பதை லாக்டமேஸ்களின் வரலாறு காட்டுகிறது. அங்கும் ஒரே எண்ணுக்குள், 3.5.2.6க்குள், இரு வேறு குலங்கள் வாழ்கின்றன. ஆம்ப்ளர் 1980இல் முன்வைத்த பகுப்பு இதனை வெளிப்படுத்தியது. பெரும்பான்மையானவை செரினால் வெட்டுபவை. ‘பி’ வகுப்பு மட்டும் துத்தநாக அயனியைக் கொண்டு நீரையே கூர்மையாக்கி வெட்டுவது. செரின் லாக்டமேஸ்களில் பலவற்றை அடக்க கிளாவுலானிக் அமிலம் கண்டறியப்பட்டது. நொதி அதனை உணவென எண்ணித் தாக்கி, அதனோடு மீளாமல் பிணைந்து அழிகிறது. அமாக்சிசிலினோடு இவ்வமிலத்தைச் சேர்த்த மாத்திரைகள் இன்று எல்லா மருந்துக்கடைகளிலும் உள்ளன. துத்தநாக லாக்டமேஸ்களிடம் இத்தந்திரம் பலிக்காது. அவற்றில் சிக்கவைக்கச் செரினே இல்லை.

‘நியூ டெல்லி’ நொதி இத்துத்தநாக வகுப்பைச் சேர்ந்தது. டெல்லிக்கு வந்து சென்ற, ஸ்வீடனில் வாழ்ந்த ஒரு நோயாளியிடமிருந்து 2008இல் பெறப்பட்ட பாக்டீரியத்தில் அது கண்டறியப்பட்டு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் வெளியான பன்னாட்டு ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாரமணி வளாக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் அந்நொதி பரவியிருப்பதை அந்த ஆய்வு காட்டியது. கடைசிப் புகலிடமாகக் கருதப்படும் கார்பபெனெம் மருந்துகளையும் அது சிதைத்தது.

நாட்டில் எழுந்த எதிர்ப்பு பெரும்பாலும் ஊர்ப்பெயரைச் சுற்றியே அமைந்தது. மருத்துவச் சுற்றுலாவை முடக்கும் சூழ்ச்சி என்றும் சொல்லப்பட்டது. லான்செட் இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் அப்பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். பெயர் நிலைத்துவிட்டது. எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நோய்க்கு ஊர்ப்பெயர் சூட்டுவது அவ்வூராரைக் களங்கப்படுத்தும் என்பது பின்னர் உலக சுகாதார நிறுவனமும் ஏற்ற கொள்கையே. ஆனால் நோயாளிக்கு ஆபத்தை அறிவித்தது முதற்சொல் அன்று. ‘மெட்டலோ’ என்னும் அடுத்த சொல். செரின் அன்று, உலோகம். எனவே கிளாவுலானிக் அமிலம் உதவாது என்னும் செய்தி அச்சொல்லில் இருந்தது. நாடு இடப்பெயரைப் பற்றி வாதிட்டது; குலப்பெயரைப் பற்றிப் பேசியவர் சிலரே.

6. எஞ்சியவை

இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1990களில் நலிவுற்றது. மலிவான சீனப் பெனிசிலினோடு இந்திய நொதிப்பு ஆலைகள் போட்டியிட முடியவில்லை. பெனிசிலின் ‘ஜி’யும் அதன் கருவும் இறக்குமதிப் பொருள்களாயின. அத்தகைய சார்பைக் குறைக்க 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் பெனிசிலின் ‘ஜி’ இடம்பெற்றது. அதன்கீழ் ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே அமைந்த ஆலை 2024இல் செயல்பாட்டுக்கு வந்தது. பிம்ப்ரியில் 1955இல் தொடங்கிய ஒன்றை, ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்குப் பின் நாடு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

ஆணையத்தின் எண்முறையை இவ்வரலாறு குறை கூறவில்லை. வினையைக் கொண்டு பெயரிட்டதால்தான், பெனிசிலினை அழிக்கும் நொதியும் அதனைப் பயன்படுத்தும் நொதியும் உலகெங்கும் ஐயமின்றி வேறுபடுத்தப்படுகின்றன. ஆனால் வினை ஒன்றே என்பதால் வினைபுரியும் வழியும் ஒன்றே எனக் கொள்வது பிழை. ஒரு தடுப்பானை வடிவமைப்பவருக்கும் ஒரு நோயாளிக்கு மருந்து தேர்பவருக்கும் வேண்டியது அந்த வழியைப் பற்றிய அறிவு. எண் அதனைத் தருவதில்லை. அமைப்பும் மரபும் தருகின்றன. நொதிகளின் பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவர், 3.5.1.11 என்னும் எண்ணருகே புனேயின் அந்தச் சிஸ்டீனையும் குறித்துக்கொள்வது நலம்.